மலைப்பக்கம், பள்ளப்பக்கம்

எங்கள் தோட்டத்தில் பிரேக் வேலை செய்கிறவன் தன் பெண்டாட்டி பிள்ளையை லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பெரிய துரை போட்ட சட்டம் அது. பிரேக்கைக் கழற்றி மாட்டிய பிறகு, தேயிலைப் பெட்டிகளோடு லொறி ஹட்டன் ஸ்டேஷனுக்கு இறங்குகிற முதல் ஓட்டத்தில், வேலை செய்தவனின் குடும்பம் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போகும். செய்தவன் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். "நீ வேல நல்லா செஞ்சா ஒனக்கு என்னா பயம்?" என்பார் துரை, தோட்டத்தில் பொறுக்கிய தமிழில். அவருடைய காரின் பிரேக்கையும் நான்தான் பார்ப்பேன். அந்த நாட்களில் மட்டும் துரைசாணிக்குத் தலைவலி வந்துவிடும், பங்களாவை விட்டு வெளியே வரமாட்டாள்.

இன்றைக்குக் கேட்கிறவர்கள் இதென்ன அநியாயம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பெண்களுக்கு அது கொண்டாட்டம். தீபாவளிக்கு ஒருதரம் டவுனைப் பார்க்கிறவர்களுக்கு, மலைக்குப் போகாமலே அன்றைய கூலிக்குப் பேரும் விழுந்து, ஹட்டனுக்கு ஓசிச் சவாரியும் கிடைத்தால் கசக்குமா? என் மனைவி மாதத்துக்கு ஒருதரமாவது கேட்பாள், "ஏங்க, பிரேக்கு எப்பங்க கழட்டுவீங்க?" அவளிடம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீலை இருந்தது. அதை அந்தச் சவாரிக்குத்தான் கட்டுவாள். லயத்தில் அதற்குப் பேரே பிரேக்குச் சீலை. மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, மடியில் வைத்துக்கொண்டு, மனைவி வழியில் மலையில் நிற்கிற பெண்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போவாள்.

நான் உலக யுத்த காலத்தில் பட்டாளத்து வண்டிகளைப் பழுதுபார்த்த இடத்தில் தொழில் பழகியவன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம். மற்றவர்களுக்கும் அதே எண்ணம் வரும்படி பேசிக்கொண்டே இருப்பேன். லொறி டிரைவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், எங்கள் லயத்து வரிசையிலேயே இரண்டு காம்பிரா தள்ளிக் குடியிருந்தான். என்னை அண்ணே என்பான். அவன் மனைவி கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. அவள் கை போகிற வேகத்தைப் பார்த்தால் கண் கூசும் என்று கங்காணியே சொல்வார். மூன்று வயதில் ஒரு பையன்.

கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையை வெட்டி எடுத்த இடத்தில் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனால் ஒரு கையில் மலை, மறு கையில் பள்ளம், கடைசியில் கருங்கல் சுவர். நாங்கள் அங்கே இடது வலது என்று பேசுவதே இல்லை. மலைப்பக்கச் சக்கரம், பள்ளப்பக்கச் சக்கரம், அவ்வளவுதான். லொறி எப்போதும் பின்பக்கமாக நுழையும், மூக்கு வெளியே பார்த்து நிற்கும். அப்படி நின்றால் மலைப்பக்கம் என்பது லொறிக்கு இடது. எத்தனை வருஷமாகவோ அப்படியே பேசி, அப்படியே செய்து, அதில் தப்பு வரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் மழை முடிகிற நேரத்தில் முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தது. துரை கொழும்புக்கு எழுதி இரண்டு புது சிலிண்டர் வரவழைத்தார். பழைய மாதிரி இல்லை, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி. பெட்டியில் இங்கிலீஷில் இருந்ததை ஆபீஸ் கிளாக்கர் ஐயா வாசித்து, இது இடது, இது வலது என்று கொடுத்தார். நான் இடது என்றதில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கோடு போட்டது மலைப்பக்கம், போடாதது பள்ளப்பக்கம்.

திங்கட்கிழமை லொறி கராஜுக்கு வந்தது. பிரேக் பாதி செத்துக் கிடந்ததால் பின்பக்கமாக இறக்க டிரைவருக்குப் பயம். மூக்கை உள்ளே விட்டு, கருங்கல் சுவரில் மெல்ல முட்டி நிறுத்தினான். கெட்டிக்காரத்தனம்தான், நானே முதுகில் தட்டினேன். அப்புறம் கீழே படுத்து, கோடு போட்ட சிலிண்டரை மலைப்பக்கத்திலும் மற்றதைப் பள்ளப்பக்கத்திலும் மாட்டினேன். எண்ணெய்க் குழாயை இரண்டு பக்கமும் கொஞ்சம் வளைத்தால்தான் எட்டியது. புதுச் சாமான் அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று நினைத்தேன். பள்ளப்பக்கச் சக்கரத்தை மாட்டியபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் கடைசி நாலு நட்டை டிரைவர் இறுக்கினான். இந்த நாலு நட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் பிற்பாடு அதைப் பிடித்துக்கொண்டுதான் தப்பித்தேன்.

எண்ணெய் ஊற்றி, அவனை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். பெடல் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தான், பாதியில் நின்றது. மூன்றாம் மிதிக்குக் கெட்டியானது. காலை எடுத்துவிட்டு, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் கழித்து மிதித்தால் மறுபடி தரை.

குழாய்க்குள் காற்று இருக்கிறது, வேறென்ன. அதை வெளியேற்ற ஒவ்வொரு சிலிண்டரிலும் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகாணி உண்டு. ஒருவன் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவன் கீழே படுத்து அதைத் திறந்தால் எண்ணெயோடு காற்றும் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றதும் மூடிவிட வேண்டும். அவன் மிதித்தான், நான் திறந்தேன். சுத்தமான எண்ணெய், ஒரு குமிழி இல்லை. நாலு சக்கரமும் பார்த்தாயிற்று. பெடல் மட்டும் தரைக்கே போனது.

செவ்வாய்க்கிழமை குழாய் மூட்டுகளை எல்லாம் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன், ஓரிடத்திலும் கசிவு இல்லை. பெடலுக்குக் கீழே இருக்கிற பெரிய சிலிண்டரைக் கழற்றி ரப்பரை மாற்றினேன். புதன்கிழமை பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு உரசும்படி நெருக்கி வைத்தேன். எண்ணெய் பழசு என்றேன், புது டின் வாங்கி ஊற்றினேன். அப்புறம் கொழும்புக்காரன் கெட்ட சாமானை அனுப்பிவிட்டான் என்றேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மூன்று நாளும் என் மனைவி கராஜுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். மூன்று நாளும் நான் முன்சக்கரத்துக்குக் கீழே கிடந்ததையும், டிரைவர் மேலே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்ணே, முன்சக்கரம் ரெண்டையும் திரும்ப ஒருக்கா கழட்டிப் பாத்துருவமா? மாட்டுனதுல ஏதும் இருக்குமோ என்னமோ" என்றான் டிரைவர்.

"நீ ஓட்டுறவன், ஓட்டுற வேலையப் பாரு" என்றேன். கையிலிருந்த ஸ்பேனரை அவன் காலுக்குப் பக்கத்தில் வீசினேன். அவன் அதை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். நான் மாட்டியதில் தப்பு இருக்கும் என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னதே எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் துரை வந்தார். ஸ்டோரில் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. மறுநாள் காலையில் லொறி இறங்கியாக வேண்டும். முடியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹட்டனிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருவார், அவன் வந்து சரிசெய்துவிட்டால் எனக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் வேலை மட்டுமில்லை, காம்பிராவும் போயிற்று. அதில் துரை எழுதுகிற ஒரு வரியைப் பார்த்துத்தான் அடுத்த தோட்டத்தில் ஏற்பார்கள், இல்லை விரட்டுவார்கள். சரியாகிவிட்டது என்று சொன்னால் மூன்று மிதிக்கு நிற்கிற அந்த லொறியில் என் மனைவியையும் மகளையும் ஏற்ற வேண்டும். பயந்துபோனேன்.

"பிரேக்கு யார் போட்டான்?" என்று துரை கேட்டார். யாருடைய குடும்பம் வரும் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

"முன்சக்கரம் டிரைவர் போட்டதுங்க துரை. நான் கூட இருந்து சொல்லிக் குடுத்தேனுங்க" என்றேன்.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தான். இல்லை என்பான், குட்டு உடையும் என்று காத்திருந்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. துரை தலையை ஆட்டிவிட்டுப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, இது பெரிய உபகாரம்ணே. கலியாணம் கட்டி வந்ததிலேருந்து அவ டவுனப் பாத்ததே இல்ல. வருசா வருசம் தீபாவளிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஏமாத்திக்கிட்டே இருக்கேன்."

"பெடலு..." என்று ஆரம்பித்தேன்.

"மூணு மிதிக்கு நிக்குதுல்ல, போதும்ணே. ரெண்டாங் கியர்ல மெதுவா இறக்கிருவேன். நா பாத்துக்கிறேன்."

"பாத்துப் போ" என்றேன். அதோடு சரி. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளையை லொறியில் ஏற்றிவிட்டு என் பிள்ளையை வளர்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொடியில் பிரேக்குச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை டிரைவர் குடும்பம் போகிறது என்றேன். "ஏங்க, கீழ படுத்துக் கெடந்தது நீங்கதானே?" என்றாள் மனைவி. ஒனக்கென்ன தெரியும், வாயை மூடு என்று அதட்டினேன். மகள் அழுதாள், அவளுக்கும் ஒரு அறை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் டிரைவர் மனைவி வாசலில் வந்து நின்றாள். வெட்கத்தில் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. டவுனுக்குப் போற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒங்க சீலயக் குடுத்தீங்கன்னா கட்டிட்டு வந்து தொவச்சித் தந்துருவேன்."

என் மனைவிக்குக் கொடுக்க மனமே இல்லை. ஆனாலும் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லொறி புறப்பட்டது. டிரைவர் மனைவி கத்தரிப்பூச் சீலையில், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கப் பலகையைப் பிடித்து நின்றாள். உட்காரு என்று யாரோ சொன்னார்கள். நின்றால்தானே எல்லாம் தெரியும் என்று சிரித்தாள். போகும்போது எனக்கும் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஸ்டோருக்குக் கீழே மூன்றாவது முடக்கு வளைவில் அது நடந்தது. முதல் இரண்டு முடக்கிலும் அவன் மூன்று மூன்று மிதியாக மிதித்துச் சமாளித்திருக்கிறான். மூன்றாவதில் பெடல் எழும்பவே இல்லை. பள்ளத்தில் விழுந்திருந்தால் எல்லோரும் போயிருப்பார்கள். அவன் லொறியை மலைப்பக்கம் ஒடித்து மண் திட்டில் கொண்டுபோய் மோதினான். அவனுக்கு நெற்றியில் காயம். பையனுக்கு ஒரு கீறலும் இல்லை, ஏனென்றால் அவள் அவனைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிகள் சரிந்து வந்தபோது பலகையைப் பிடித்திருந்த வலக்கையை அவளால் எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டை விரலில் பாதியையும் ஆள்காட்டி விரல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். கொழுந்து கிள்ளுவதே அந்த இரண்டு விரலால்தான்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரால் லொறியை இழுத்துவந்து கராஜில் விட்டார்கள். இந்தத் தடவை வழக்கம்போலப் பின்பக்கமாக. நான் கீழே படுத்து மலைப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தேன். கோடு போட்ட சிலிண்டர் அங்கே இல்லை. அது பள்ளப்பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. லொறி மூக்கை உள்ளே விட்டு நின்ற அந்தத் திங்கட்கிழமை, மலைப்பக்கம் என்பது லொறிக்கு வலதாகிவிட்டது. இடது சிலிண்டரை வலப்பக்கமும், வலது சிலிண்டரை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். அதனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் இரண்டும் கீழே தொங்கின. அரைப் போத்தல் எண்ணெயைக் கவிழ்த்துப் பிடித்தால் காற்று எங்கே போய் நிற்கும்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் தெரியும். காற்று மேலே இருக்க, நான் மூன்று நாளாகக் கீழே திறந்து நல்ல எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டு, குமிழி இல்லை, குமிழி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். எண்ணெய்க் குழாய் வளைக்காமலே பொருந்தியது. ஸ்டோர் ஆள் ஒருவனை மிதிக்கச் சொல்லி நிப்பிளைத் திறந்தேன், புசுபுசுவென்று நுரை வந்தது. அப்புறம் நானே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். ஒரே மிதி, பெடல் கல்லாக நின்றது. நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒவ்வொரு தரமும் நின்றது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த ஆத்திரத்தில் உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். துரை வந்து என்ன கோளாறு என்று கேட்டார். "டிரைவர் எடம் மாத்தி மாட்டிட்டானுங்க துரை. நான் கவனிக்காம விட்டுட்டேனுங்க" என்றேன். துரை சுருட்டைக் கடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அன்றைக்கே டிரைவருக்குப் பத்துச்சீட்டு எழுதியாயிற்று.

டிரைவர் கராஜுக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று கையில் ஒரு இரும்பை எடுத்து வைத்துக்கொண்டேன். நெற்றியில் கட்டோடு வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, எடம் மாத்தி மாட்டுனது நாந்தான்னு துரை சொல்றாரு. நா அந்த நாலு நட்டுதானேண்ணே முறுக்குனேன்? அதுல ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

நட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். "நீ முறுக்குனது சரியில்லடா. நானும் ஒனக்காக எடுத்துச் சொல்லத்தான் பாத்தேன், துரை கேக்கல" என்றேன்.

அவன் தன் கையைப் புரட்டிப் பார்த்தான். "அப்ப நாந்தாண்ணே அவ கைய..." என்றவன் முடிக்கவில்லை. திரும்பி லயத்துக்குப் போய்விட்டான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. வேலை போனது, பெண்டாட்டியின் விரல் போனது, அதற்கும் நீதான் காரணம் என்று நம்பவைத்து அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே பெரிய பாவம் லொறியில் ஏற்றியது இல்லை, இதுதான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர்கள் கொத்மலைப் பக்கம் யாரோ சொந்தக்காரர் இருக்கிறார் என்று மூட்டையோடு புறப்பட்டார்கள். நான் கராஜை விட்டு அசையவில்லை. டிரைவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்து சீலையைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். கறை போகத் துவைத்து மடித்திருந்தாள். "கிழிஞ்ச எடத்தத் தச்சிருக்கேங்கக்கா" என்றாளாம். முந்தானையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, கோணல்மாணலாக ஏறி இறங்கிப் போனது. இடக்கையால் தைத்திருக்கிறாள். என் மனைவி அதை விளக்குக்குக் கீழே விரித்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பிரேக் எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டதில்லை.

சில மாதம் கழித்துப் பின்சக்கரத்தில் பிரேக் கட்டை மாற்ற வேண்டி வந்தது. மாற்றினேன், ஒரே மிதிக்கு நின்றது. புது டிரைவரும் ஓட்டிப் பார்த்துச் சரி என்றான். காலையில் துரை வந்து வழக்கம்போல் நின்றார்.

மனைவி லயத்திலிருந்து ஏறி வந்தாள். அந்தக் கத்தரிப்பூச் சீலையைத்தான் கட்டியிருந்தாள், தையல் வெளியே தெரியும்படி முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். மகள் கூட இல்லை. "புள்ள எங்க?" என்றேன். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். என் கையைப் பிடிக்காமல் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்போதுதான் பலகைக்கு மேலே தலையை நீட்டி, துரைக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள்.

"ஏங்க, இந்தத் தடவ மாட்டுனது நீங்கதானே?"

"நான்தான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங் கை போனதுக்கப்புறம் மாத்திச் சொல்லாதீங்க."